சாமி கும்பிடறவங்களும் கணக்குப் போடறவங்களும்

எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிய வயதில் கண்ணில் பட்டதையெல்லாம் உரக்கப் படிப்பேன். பஸ்ஸின் விலாவில் எழுதியிருப்பது, மருந்துக்கடைப் பலகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எதுவும் தப்பாது. நாமக்கல் பக்கத்து எங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு பெரியார் சிலை உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மாவோடு மாரியம்மன் கோயிலுக்குப் போகும்போது அதன் பீடத்தைப் படித்தேன். கடவுளைக் கற்பித்தவன் முட்டாள். கடவுளைப் பரப்பியவன் அயோக்கியன். கடவுளை வணங்குகிறவன் என்று ஆரம்பித்த கடைசி வரியில் ஒரு நீளமான சொல். அதை எழுத்தெழுத்தாகக் கூட்டி முடிக்க நேரமாயிற்று. அம்மா தேங்காய் பழக் கூடையோடு பொறுமையாக நின்றாள்.

"காட்டுமிராண்டின்னா யாரும்மா?"

"காட்டுல இருக்கறவங்க."

"அப்ப நீ காட்டுமிராண்டியா?"

"நம்ம குலசாமியே காட்டுலதான் கண்ணு இருக்குது. நட நட, நடை சாத்திருவாங்க."

அந்தப் பதிலின் ருசி தெரிய எனக்கு முப்பது வருஷம் ஆனது. அதற்கும் பிறகுதான் இன்னொன்றைக் கவனித்தேன். அந்த மூன்று வரியில் 'முட்டாள்' பட்டம் கும்பிடுகிறவனுக்குக் கொடுக்கப்படவில்லை. அது கற்பித்தவனுக்குப் போகிறது. கும்பிடுகிறவன் பழைய காலத்திலேயே நின்றுவிட்டான் என்பதுதான் குற்றச்சாட்டு. அவன் மூளையைப் பற்றிப் பீடத்தில் ஒரு வார்த்தை கிடையாது. எங்கள் அப்பா மூன்றையும் ஒன்றாகக் கரைத்து எனக்குப் புகட்டியிருந்தார்: சாமி கும்பிடறவன் மடையன்.

அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். கறுப்புச் சட்டை, வீட்டுக்கு விடுதலை பேப்பர், ஆயுத பூஜையன்று டிரான்ஸ்பார்மருக்குப் பொட்டு வைக்கும் சக ஊழியர்களோடு வருஷா வருஷம் சண்டை. அவரிடமிருந்து எனக்கு வந்த சொத்து மூன்று: முன் வழுக்கை, ஒரு ஹெர்குலிஸ் சைக்கிள், நாத்திகம். மூன்றில் எதையும் நான் யோசித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் மூன்றாவதை மட்டும் என் புத்திசாலித்தனத்துக்குக் கிடைத்த சான்றிதழாகவே ரொம்ப நாள் வைத்துக்கொண்டிருந்தேன். பரீட்சை அன்று பேனாவைப் பிள்ளையார் காலடியில் வைத்து எடுக்கிற பையன்களைப் பார்த்து உதட்டோரம் சிரிப்பேன். அவர்களில் இரண்டு பேர் கணக்கில் என்னைவிட எப்போதும் அதிகம் வாங்கினார்கள் என்பதைச் சௌகரியமாக மறந்துவிடுவேன்.

கல்லூரி விடுதியில் அந்தச் சௌகரியம் போயிற்று. என் அறைத் தோழன் விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்துவிடுவான். தொழுகை முடிந்ததும் விளக்கைத் துண்டால் பாதி மூடி, என் தூக்கம் கெடாமல் ரியல் அனாலிசிஸ் கணக்குப் போடுவான். நான் எழுந்து பல் துலக்கும்போது அவன் அன்றைய பாடத்தை முடித்திருப்பான். ஐந்து வேளையும் தவறாது. வகுப்பில் முதலிடமும் தவறாது. 'இவ்வளவு அறிவிருந்தும் இவன் ஏன் நம்புகிறான்?' என்று ஒரு வருஷம் மண்டையைக் குடைந்தேன். அந்தக் கேள்வியில் இருந்த திமிர் அப்போது எனக்குத் தெரியவில்லை.

இப்போது நான் புள்ளியியல் சொல்லிக் கொடுக்கிறேன். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது, கையில் வாட்ஸ்அப். வருஷத்துக்கு இரண்டு முறையாவது 'நாத்திகர்களே புத்திசாலிகள்: ஆய்வில் தகவல்' என்று ஒரு செய்தியை அனுப்பிவிட்டு, நான் பார்த்துவிட்டேனா என்று போன் வேறு செய்வார். அந்தச் செய்திக்குப் பின்னால் உண்மையாகவே ஒரு ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்து மிரான் சுக்கர்மனும் இரண்டு சகாக்களும் 2013-இல் வெளியிட்டது. அதுவரை வந்திருந்த 63 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். 53-இல் புத்திக்கூர்மை கூடக்கூட மதப்பற்று குறைந்தது; 10-இல் நேர்மாறு. 2020-இல் அதையே 83 ஆய்வுகளாக விரித்துப் பார்த்தபோதும் கிட்டத்தட்ட அதே விடைதான். இது கிறிஸ்தவ விரோதிகளின் சதி, கம்யூனிஸ்ட்களின் சதி என்றெல்லாம் சொல்கிறவர்கள் உண்டு. சதியெல்லாம் கிடையாது. அந்தத் தொடர்பு இருக்கிறது.

எவ்வளவு இருக்கிறது என்பதில்தான் அப்பாவுக்கும் எனக்கும் தகராறு. இரண்டு விஷயங்கள் எந்த அளவுக்குச் சேர்ந்து மாறுகின்றன என்று சொல்கிற எண்ணுக்கு ஒட்டுறவுக் கெழு என்று பெயர்; சைபர் என்றால் தொடர்பே இல்லை, மைனஸ் ஒன்று என்றால் ஒன்று ஏற ஏற இன்னொன்று தப்பாமல் இறங்கும். இங்கே அது மைனஸ் 0.2-ஐ ஒட்டி வருகிறது. வகுப்பில் இதை இப்படிச் சொல்வேன். தெருவில் போகிற இரண்டு பேரைப் பிடித்து நிறுத்துங்கள். ஒருவருக்குப் பக்தி கூட, இன்னொருவருக்குக் குறைவு. பக்தி குறைந்தவர்தான் புத்திக்கூர்மைத் தேர்வில் அதிகம் வாங்குவார் என்று பந்தயம் கட்டுங்கள். நூறு ஜோடியில் 56 முறை ஜெயிப்பீர்கள், 44 முறை தோற்பீர்கள். பூவா தலையா போட்டாலே ஐம்பது கிடைக்கும். அந்த ஆறுக்காகவா ஒரு மனுஷன் தன் பெண்டாட்டியை நாற்பது வருஷமாக மடச்சி என்று கூப்பிடுவது?

"ஆறுன்னாலும் ஆறுதானே. நம்ம பக்கம்தானே?" என்றார் அப்பா. கட்சிக்காரர், ஓட்டு வித்தியாசம் எவ்வளவு என்று கவலைப்படாமல் வெற்றி விழா கொண்டாடிப் பழகியவர்.

அந்த ஆறுமே எந்த ஊர் மனிதர்களிடம் எடுத்தது என்று பார்க்க வேண்டும். அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில், பெரும்பாலும் கிறிஸ்தவர்களிடையே நடந்தவை. எழுதியவர்களே இது மேற்கத்தியச் சமூகங்களுக்குத்தான் பொருந்தும் என்று எச்சரித்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வரும்போது அந்த வரி உதிர்ந்துவிடுகிறது. காரணமாக அவர்கள் சொல்வதில் ஒன்று, புத்திசாலிகள் கூட்டத்தோடு ஒத்துப்போக மாட்டார்கள் என்பது. ஊரே ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற இடத்தில் போகாமல் இருக்க ஒரு தனிப் புத்தி வேண்டும் என்றால் சரி. எங்கள் வீட்டில் கூட்டம் வேறு பக்கம் அல்லவா இருந்தது? கறுப்புச் சட்டை போட்ட அப்பாவுக்கு மகனாக வளர்ந்த நான் கூட்டத்தை மீற வேண்டுமென்றால் திருநீறு பூசியிருக்க வேண்டும். நானோ சொன்ன பேச்சு கேட்டு நாத்திகனாக வளர்ந்த நல்ல பிள்ளை.

அவர்கள் சொல்லும் இன்னொரு காரணம் எனக்குச் சுவாரஸ்யமானது. மதம் ஒரு மனிதனுக்குச் சில வேலைகளைச் செய்து கொடுக்கிறது. நாளைக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தைத் தணிக்கிறது, ஆசையை அடக்கப் பழக்குகிறது, தனிமைக்குத் துணையிருக்கிறது. புத்திக்கூர்மையும் இதில் பாதி வேலையைச் செய்துவிடும். அதனால் மதத்தின் தேவை குறைகிறது என்கிறார்கள். எனக்கென்னவோ இங்கே புத்திக்கூர்மை என்பதைவிட மாதச் சம்பளம் என்று போட்டால் இன்னும் பொருந்தும். பென்ஷன் வருகிற அப்பாவுக்கு மாரியம்மன் தேவைப்படவில்லை. மின்வாரிய வேலைக்கு முன்பு, ஒரு மழைக்காலத்தில் மூன்று மாதம் கூலி இல்லாமல் இருந்தபோது, தாத்தா அவரைப் பழனிக்கு நடக்கவைத்தார். நடந்திருக்கிறார். அவரே சொன்னது. கோபத்தில்.

நாடுகளையே வரிசைப்படுத்தியவர்களும் உண்டு. 2009-இல் ரிச்சர்ட் லின்னும் கூட்டாளிகளும் 137 நாடுகளின் 'சராசரி புத்தி'யையும் நாத்திகர் விகிதத்தையும் பொருத்திக் காட்டினார்கள். லின் வைத்திருந்த பட்டியலில் பல நாடுகளில் யாரும் அளந்துகூடப் பார்த்ததில்லை. அக்கம்பக்கத்து நாட்டு எண்ணை எடுத்துப் போட்டிருந்தார். என் மாணவன் யாராவது இப்படிச் செய்தால் ரெக்கார்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

விஞ்ஞானிகளை நேரடியாகக் கேட்ட கதை அதைவிட நல்லது. ஜேம்ஸ் லூபா என்ற உளவியலாளர் 1914-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஆயிரம் பேருக்குக் கடிதம் போட்டு, கடவுளை நம்புகிறீர்களா என்று கேட்டார். அதே கேள்வியை மாற்றாமல் 1990-களில் எட்வர்ட் லார்சனும் லாரி விட்டமும் மறுபடி கேட்டார்கள். சாதாரண விஞ்ஞானிகளில் சுமார் 40 சதவீதம் பேர் நம்புவதாகச் சொன்னார்கள். எண்பது வருஷத்தில் அது பெரிதாக மாறவில்லை. ஆனால் உச்சியில் இருக்கிற விஞ்ஞானிகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினர்களிடம் கேட்டபோது அது 7 சதவீதத்துக்கு இறங்கியது. அப்பா இதைச் சட்டகம் போட்டு மாட்டச் சொன்னார்.

லூபாவின் கேள்வியைப் படித்துப் பாருங்கள் என்றேன். அவர் கேட்ட கடவுள், பிரார்த்தனை செய்தால் பதில் தருவார் என்று எதிர்பார்க்கக்கூடிய, மனிதரோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்கிற கடவுள். சர்ச்சில் வளர்ந்தவருக்குக் கேள்வி பளிச்சென்று புரியும். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடலாம். ஒரு அத்வைதி என்ன சொல்வார்? கழுத்தில் லிங்கம் கட்டியவர்? கருப்பசாமிக்குச் சுருட்டு வைக்கிறவர்? ரைஸ் பல்கலைக்கழகத்து எலைன் ஹோவர்ட் எக்லண்டும் குழுவினரும் இந்தியா உட்பட எட்டு இடங்களில் விஞ்ஞானிகளைக் கேட்டார்கள். 2015 வாக்கில் வந்த முடிவில் ஹாங்காங்கில் மதப்பற்றுள்ளவர்கள் பொதுமக்களில் 20 சதவீதம், விஞ்ஞானிகளில் 39 சதவீதம். தைவானில் 44-க்கு 54. அங்கே பந்தயம் தலைகீழ்.

இதை யோசித்துக்கொண்டே ஒருநாள் நடக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. நம் ஊரில் யாரும் யாரையும் "கடவுளை நம்புறீங்களா?" என்று கேட்பதே இல்லை. மேடையில் கேட்பார்கள், பட்டிமன்றத்தில் கேட்பார்கள். வீட்டில், டீக்கடையில், பெண் பார்க்கப் போன இடத்தில் கேட்பது "சாமி கும்பிடுவீங்களா?" என்றுதான். அப்பாவைப் பற்றி ஊரில் சொல்வதும் "அவரு சாமி கும்பிட மாட்டாரு" என்பதே. நம்புவது மண்டைக்குள் நடக்கிற காரியம். கும்பிடுவது கையால் செய்கிற காரியம், மாவு ஆட்டுவது போல, வாசல் தெளிப்பது போல. முதலாவதற்கு ஒருவேளை புத்திக்கூர்மையோடு சம்பந்தம் இருக்கலாம். இரண்டாவதற்கு என்ன சம்பந்தம் இருக்க முடியும்?

எங்கள் பக்கத்துச் சாமி ஒருத்தியின் பெயர் இந்த விவாதத்தில் அடிக்கடி இழுபடும். நாமக்கல் நாமகிரித் தாயார். ராமானுஜன் குடும்பத்தின் தெய்வம். பிள்ளை கடல் தாண்டக் கூடாது என்று நின்ற தாய் கோமளத்தம்மாள், நாமகிரித் தாயார் கனவில் வந்து தடுக்காதே என்று சொன்னதால்தான் விட்டார் என்று சொல்வார்கள். 1914-இல் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போனார். அங்கே அவருக்காகக் காத்திருந்த ஆங்கிலேயக் கணித மேதை ஹார்டி கடவுளைச் சொந்தப் பகையாளியாகப் பாவித்த நாத்திகர். கல்லூரியின் தேவாலயத்துக்குள் கால் வைக்க மாட்டார். ஒருவர் தாயார் நாக்கில் எழுதிப்போனாள் என்கிற ஆள், இன்னொருவர் நிரூபணம் எங்கே என்கிற ஆள். இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் ஒரே தேற்றத்தை எழுதினார்கள். புத்திக்கும் பக்திக்கும் உள்ள தொடர்பை அளக்க வேறு ஜோடி வேண்டாம் என்று எனக்குத் தோன்றும். மாதிரி அளவு இரண்டுதான் என்று மாணவர்கள் கிண்டல் செய்வார்கள்.

ராமானுஜன் 1920-இல் இறந்த பிறகு ஹார்டி எழுதிய அஞ்சலியில் ஒரு வரி வருகிறது. ராமானுஜனின் மதம் அனுஷ்டானம் சார்ந்தது, அறிவுபூர்வமான நம்பிக்கை சார்ந்தது அல்ல என்கிறார். எல்லா மதங்களும் தனக்கு ஏறக்குறைய ஒரே அளவு உண்மையாகத்தான் படுகின்றன என்று ராமானுஜன் தன்னிடம் சொன்னதாகவும், அது தனக்கு ஆச்சரியமாக இருந்ததாகவும் எழுதுகிறார். இங்கே இருந்தவர்களுக்கு அந்த வரி பிடிக்கவில்லை. எங்கள் பக்தரை இந்த வெள்ளைக்காரர் தன் கட்சியில் சேர்க்கப் பார்க்கிறார் என்று கோபம். ஹார்டியும் பிற்பாடு விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு இரண்டு தரப்புமே பாதிதான் கேட்டதாகத் தோன்றுகிறது. 'நம்புகிறாயா' என்று ஹார்டி கேட்டிருப்பார். எல்லாமே உண்மைதான் என்று ராமானுஜன் சொல்லியிருப்பார். குளிரில் தானே சமைத்துக்கொண்டு, சைவம் தவறாமல் அவர் செய்துகொண்டிருந்தது கும்பிடுவது. அந்தச் சொல் ஹார்டியின் மொழியில் இல்லை.

2023 ஜூலையில் சந்திரயான்-3 கிளம்புவதற்கு முந்தின நாள், இஸ்ரோ விஞ்ஞானிகள் அதன் சின்ன மாதிரியை எடுத்துக்கொண்டு திருமலைக்குப் போனார்கள். தலைவர் சோமநாத் சூளூர்ப்பேட்டை செங்காளம்மன் கோயிலில் கும்பிட்டார். அப்பா டிவி முன்னால் எழுந்தே நின்றுவிட்டார். "ராக்கெட் விடறவனே இப்படின்னா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. நான் என் பங்குக்கு எண்ணெய் ஊற்றினேன்: 2009 ஏப்ரலில் போன பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுக்கு சி12 என்று பெயர், செப்டம்பரில் போனதற்கு சி14. நடுவில் 13 கிடையாது. வேடிக்கை என்னவென்றால் 13 நம் ஊர்ச் சகுனமே இல்லை. அஷ்டமி, நவமி, ராகுகாலம் என்று நம் கையிருப்பே ஏராளமாக இருக்க, இதை வெளிநாட்டிலிருந்து தருவித்திருக்கிறோம்.

அமெரிக்காக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. கலிபோர்னியாவில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் முக்கியமான தருணம் வந்தால் கட்டுப்பாட்டு அறையில் வேர்க்கடலை சுற்றுக்கு வரும். ரேஞ்சர் வரிசையில் ஆறு கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொதப்பின. 1964-இல் ஏழாவதன்போது யாரோ கடலை கொடுத்தார்கள். நிலாவுக்குப் போய்ச் சேர்ந்து படமும் அனுப்பியது. அன்று ஆரம்பித்தது இன்னும் நிற்கவில்லை. கடலைக்கும் கலத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று அங்கே ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆனாலும் டப்பா வந்தால் கை நீளும்.

ஆகஸ்ட் 23 சாயங்காலம் சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது அப்பா கைதட்டினார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர்.

பகுத்தாய்கிற மனம் நம்பிக்கையைக் குறைக்கும் என்று காட்ட ஒரு பிரபலமான பரிசோதனை நடந்தது. 2012-இல் வில் ஜெர்வைஸும் அரா நோரன்சயானும் சயன்ஸ் இதழில் எழுதியது. அதில் ஒரு பகுதியில் 57 மாணவர்கள். பாதிப் பேருக்குப் பிரெஞ்சுச் சிற்பி ரோடானின் சிந்தனையாளன் சிலைப் படம், மீதிப் பேருக்கு வட்டெறியும் வீரன் சிலை. யோசிக்கிற சிலையைப் பார்த்தவர்களுக்குக் கடவுள் நம்பிக்கை இறங்கிவிட்டதாம். சிலையைப் பார்த்தே நம்பிக்கை போகுமென்றால் எங்கள் பஸ் ஸ்டாண்டு என்றோ ஊரைத் திருத்தியிருக்குமே. பிறகு 2017-இல் பல மடங்கு அதிகம் பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது ஒன்றும் வரவில்லை. ஜெர்வைஸ் அந்தப் பழைய சோதனையைத் தாமே கேலி செய்தார், 13 நாடுகளில் வேறு விதமாகப் பார்த்துவிட்டு, இந்தத் தொடர்பு பலவீனமானது, ஊருக்கு ஊர் மாறுவது என்றும் எழுதினார். இந்தத் துறையில் எனக்கு மரியாதை வந்த இடம் அதுதான்.

இந்த வகை ஆய்வுகளில் அடிக்கடி வரும் ஒரு புதிர் உண்டு. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அதை வீட்டிலேயே போட்டுப் பார்த்தேன். மட்டையும் பந்தும் என்று மூலத்தில் வரும். நான் குடமும் மூடியும் ஆக்கினேன்.

"குடமும் மூடியும் சேர்ந்து 110 ரூபா. மூடியைவிடக் குடம் 100 ரூபா கூட. மூடி என்ன விலை?"

"பத்து ரூபா. இதென்னடா கேள்வி?" என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

அம்மா சீட்டு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபது பெண்கள், ஆளுக்கு ஆயிரம், மாசா மாசம் ஏலம். அந்த மாதம் 3,400 தள்ளி எடுத்திருந்தார்கள். கமிஷன் ஆயிரம் போக மிச்சம் 2,400, தலைக்கு 120, ஆக ஆளுக்கு 880 கட்டினால் போதும் என்று வாய்க்குள் முணுமுணுத்து எழுதிக்கொண்டே,

"அஞ்சு ரூபா" என்றாள்.

"எப்படிம்மா?"

"மூடி பத்துன்னா குடம் நூத்திப் பத்து ஆயிரும். அப்பறம் நூத்தி இருபதுல வந்து நிக்கும். ஏமாத்தறவன்கிட்ட வாங்கிப் பழகுனா தெரியும்."

அப்பா கேள்வியில் தப்பு இருக்கிறது என்றார். மறுபடி கேட்டுவிட்டு, தப்பில்லை, ஆனால் சொன்ன விதம் சரியில்லை என்றார். இதை வைத்துப் பக்தர்கள்தான் புத்திசாலிகள் என்று நான் யாருக்கும் வாட்ஸ்அப் அனுப்பவில்லை. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றவள் பதினெட்டு வருஷமாகச் சீட்டு நடத்தி, ஒருத்தர் பணத்தையும் விடாமல் கொடுத்தவள். அவ்வளவுதான். ஒவ்வொரு மாதமும் பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி போடாமல் கணக்கை ஆரம்பிக்க மாட்டாள் என்பதும் அதோடு சேர்ந்தது.

விட்டிருக்கலாம். எனக்குக் கை அரித்தது. கருத்துக்கணிப்புகளில் வருகிற மாதிரியே ஒன்று முதல் ஐந்து வரை கட்டம் போட்டு, கடவுள் இருக்கிறார் என்று எந்த அளவுக்கு நம்புகிறீர்கள் என்று எழுதி நீட்டினேன்.

"ஒண்ணு. சைபர் இருந்தா சைபர் போடு" என்றார் அப்பா.

அம்மா தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தாள். எந்தச் சாமியைக் கேட்கிறார்கள் என்றாள். எல்லாமும்தான் என்றேன். குலசாமியும் சேர்த்தா என்றாள். சேர்த்துத்தான் என்றேன். இதற்கு நம்பர் போட்டு அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது என்றாள். ஆராய்ச்சி என்றேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டாள்.

"ஒத்தப்படையா ஏதாவது போட்டுக்க கண்ணு."